கருத்தரிப்புச் சிகிச்சை நிலையத்தைத் தெரிவு செய்தல்: குடாநாட்டுத் தம்பதியர் முன்கூட்டியே கேட்க வேண்டியவை

பிள்ளைப்பேறின்மை என்பது யாழ்ப்பாணக் குடாநாட்டில் நீண்டகாலமாக வீட்டின் உள்ளறையில் மட்டும் பேசப்பட்டு வந்த விடயமாகும். திருமணமாகி இரண்டு ஆண்டுகள் கழிந்ததும் உறவினரின் கேள்விகள் ஆரம்பமாகும். நேர்த்திக்கடனும் நாட்டு வைத்தியமும் ஒருபுறம் நடக்கும். எவ்வித பரிசோதனையும் செய்யப்படாமலே குறை பெண்ணிடம்தான் என்ற முடிவு மறுபுறம் எட்டப்பட்டுவிடும். இன்று நிலைமை பெருமளவு மாறிவிட்டது. குழந்தைகளின் புகைப்படங்களுடன் கூடிய சிகிச்சை நிலைய விளம்பரங்கள் பத்திரிகைகளிலும் கைத்தொலைபேசித் திரைகளிலும் நாள்தோறும் வருகின்றன. கொழும்புக்கும் சென்னைக்கும் திருச்சிக்கும் சென்று சிகிச்சை பெற்று வந்தவர்கள் அநேகமாக ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றனர்.

வாய்ப்புகள் பெருகியது நல்லதே. ஆனால், எந்த நிலையத்திற்குச் செல்வது என்ற தெரிவு பெரும்பாலும் விளம்பரத்தையோ அயலவரின் அனுபவத்தையோ நம்பியே செய்யப்படுகின்றது. காணியை ஈடுவைத்தும் நகைகளை அடகு வைத்தும் வெளிநாட்டிலுள்ள சகோதரரிடம் கைமாற்று வாங்கியும் திரட்டப்படும் பல இலட்சம் ரூபா ஒரே சுற்றில் செலவாகிவிடுகின்றது. பணத்தைவிட மேலாக, பெண்ணின் வயது என்னும் திரும்பிவராத காலமும் அதனுடன் செலவாகின்றது.

இக்கட்டுரை எந்தவொரு நிலையத்தையும் பரிந்துரைக்கவோ குறைகூறவோ முற்படவில்லை. ஒரு நிலையத்தை எடைபோடுவதற்கு ஓர் அளவுகோலை மட்டும் முன்வைக்கின்றது. பணம் செலுத்துவதற்கு முன்னர், எவற்றையெல்லாம் எழுத்தில், தம்பதியருக்கு விளங்கும் மொழியில் தருவதற்கு அந்நிலையம் ஆயத்தமாக உள்ளது என்பதே அந்த அளவுகோலாகும்.

சிகிச்சையின் வரலாறு

உடலுக்கு வெளியே கருக்கட்டச் செய்யப்பட்ட முளையத்திலிருந்து பிறந்த முதலாவது குழந்தையான லூயிஸ் பிரவுண், 1978ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் திகதி இங்கிலாந்தின் ஓல்ட்ஹாம் நகரில் பிறந்தார். வைத்தியர் பற்றிக் ஸ்டெப்ரோ, விஞ்ஞானி றொபேர்ட் எட்வேர்ட்ஸ், ஆய்வுகூடப் பணிகளை மேற்கொண்ட ஜீன் பேர்டி ஆகிய மூவரின் பல்லாண்டு உழைப்பின் பயன் அது. எட்வேர்ட்ஸுக்கு 2010இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

1978ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆம் திகதி கொல்கத்தாவில் வைத்தியர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் துர்கா என்று அழைக்கப்பட்ட பெண் குழந்தை பிறந்தது. அவரது சாதனையை அன்றைய அதிகாரிகள் நம்ப மறுத்தனர். மனமுடைந்த அவர் 1981இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பிற்காலத்திலேயே அவரது பணி அங்கீகரிக்கப்பட்டது. தென்னிந்தியாவில் 1990இல் சென்னையில் வைத்தியர் கமலா செல்வராஜின் சிகிச்சையால் முதலாவது பரிசோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. ஈழத்தமிழர் பலர் சிகிச்சைக்காகச் சென்னையை நாடுவதற்கு அங்கு இத்துறை இவ்வாறு முன்கூட்டியே வேரூன்றியதும் ஒரு காரணமாகும். இன்று உலகெங்கும் இம்முறையில் பிறந்தவர்களின் தொகை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. எனவே இது பரீட்சார்த்த முயற்சியும் அன்று, அற்புதமும் அன்று. வரையறைகள் நன்கு அறியப்பட்ட ஒரு சிகிச்சை முறையாகும்.

நிலையத்தைத் தேடுவதற்கு முன்

ஓராண்டு காலம் கருத்தடை முறைகள் எதுவுமின்றி ஒழுங்காகச் சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்காதிருப்பதையே மருத்துவம் பிள்ளைப்பேறின்மை என்று கொள்கின்றது. பெண்ணின் வயது 35ஐக் கடந்திருப்பின் ஆறு மாதத்திலேயே வைத்திய ஆலோசனை பெறுவது உகந்தது. வாழ்நாளில் ஏதோவொரு கட்டத்தில் ஆறு பேரில் ஒருவர் இப்பிரச்சினையை எதிர்கொள்வதாக உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. ஆகவே இது எந்தக் குடும்பத்துக்கும் நேரக்கூடியது. எவருடைய பாவத்தின் பலனும் அன்று.

முதலாவது பரிசோதனை கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே சமயத்தில் நடைபெற வேண்டும். பிள்ளைப்பேறின்மைக்கான காரணங்களில் ஏறத்தாழ அரைவாசியில் ஆணின் பங்கும் உண்டு. விந்துப் பரிசோதனை செலவு குறைந்தது, வலியற்றது. இரண்டு முதல் ஏழு நாட்கள் வரை உறவைத் தவிர்த்த பின் மாதிரி வழங்கப்பட வேண்டும். ஒரு தடவை குறைவு காணப்பட்டால் மீண்டும் ஒரு தடவை செய்து உறுதிப்படுத்த வேண்டும். கணவன் இப்பரிசோதனைக்கு மறுத்துவிட, மனைவி ஆண்டுக்கணக்கில் மாத்திரைகளையும் ஊசிகளையும் ஏற்றுக்கொள்ளும் அநீதி நம்மிடையே இன்னும் மறைந்துவிடவில்லை.

மனைவிக்குச் சூல் வெளியேறுகின்றதா, பலோப்பியன் குழாய்கள் திறந்திருக்கின்றனவா, கருப்பையில் கட்டிகள் உண்டா, தைரொயிட் சுரப்பியும் குருதியின் சீனி அளவும் சீராக உள்ளனவா என்பன ஆராயப்பட வேண்டும். ஏ.எம்.எச். எனப்படும் இரத்தப் பரிசோதனை சூலகத்தில் எஞ்சியுள்ள சூல்களின் அளவைக் காட்டுமேயன்றி அவற்றின் தரத்தைக் காட்டாது. இந்த ஒரு பெறுபேற்றைக் காட்டி உடனடியாக ஐ.வி.எப். செய்யுமாறு அவசரப்படுத்தினால், இரண்டாவது அபிப்பிராயம் ஒன்றைப் பெறுவது நன்று.

எல்லோருக்கும் ஐ.வி.எப். தேவைப்படுவதில்லை. சூலகத்தில் நீர்க்கட்டிகள் காரணமாகச் சூல் வெளியேறாத இளம் பெண்களுக்கு உடல் எடையைக் குறைப்பதும் சூல் வெளியேற்றத்தைத் தூண்டும் மாத்திரைகளுமே பலனளிக்கக் கூடும். விந்தணுக் குறைபாடு சிறிதளவாயின், விந்தைக் கழுவிக் கருப்பையினுள் செலுத்தும் ஐ.யூ.ஐ. முறை போதுமானதாகலாம். மாறாக, இரு குழாய்களும் அடைபட்டிருந்தாலோ விந்தணுக் குறைபாடு கடுமையாக இருந்தாலோ பெண்ணின் வயது 38ஐத் தாண்டியிருந்தாலோ எளிய முறைகளில் காலத்தை வீணாக்குவதும் தவறாகும். அடைபட்ட குழாயினுள் நீர் கோத்திருப்பின், ஐ.வி.எப். செய்வதற்கு முன்னர் அதனைச் சீர்செய்வது வெற்றிவாய்ப்பைக் கூட்டும் என்பதும் நிறுவப்பட்ட உண்மையாகும்.

இவற்றுள் பெரும்பாலான பரிசோதனைகளை யாழ்ப்பாணத்திலேயே செய்துகொள்ள முடியும். பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் குடும்பநல உத்தியோகத்தரும் முதற்படியாக அமையலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்குக்கு அவர்கள் வழிகாட்டுவர். கருத்தரிக்க விரும்பும் பெண் நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் உட்கொள்ள வேண்டும். ருபெல்லா தடுப்பூசி பெற்றுள்ளாரா என்பதையும், தம்பதியர் இருவரும் தலசீமியா நோய்க்காவிகளா என்பதையும் இக்கட்டத்திலேயே அறிந்துகொள்ள வேண்டும்.

சிகிச்சையின் படிமுறைகளும் பயணமும்

ஐ.வி.எப். சிகிச்சையில் முதலில் எட்டு முதல் பதினான்கு நாட்கள் வரை ஓமோன் ஊசிகள் நாள்தோறும் ஏற்றப்படும். இக்காலத்தில் பல தடவைகள் ஸ்கான் பரிசோதனை செய்யப்படும். சூல்கள் முதிர்ந்ததும் இறுதி ஊசி ஒன்று குறித்த நேரத்தில் ஏற்றப்பட்டு, அதிலிருந்து 34 முதல் 36 மணித்தியாலத்துள் குறுகிய மயக்க நிலையில் சூல்கள் வெளியே எடுக்கப்படும். ஆய்வுகூடத்தில் அவை விந்தணுக்களுடன் சேர்க்கப்படும். விந்தணு மிகக் குறைவாயின் ஒரு விந்தணுவை நேரடியாகச் சூலினுள் செலுத்தும் இக்ஸி முறை கையாளப்படும். மூன்றாம் அல்லது ஐந்தாம் நாளில் முளையம் கருப்பையினுள் வைக்கப்படும். எஞ்சும் முளையங்கள் மறை 196 பாகை செல்சியஸில் திரவ நைதரசனில் பாதுகாக்கப்படலாம். ஏறத்தாழ இரண்டு வாரங்களின் பின்னரே பெறுபேறு தெரியவரும்.

இந்தப் படிமுறைகளை அறிந்தவர்களுக்குப் பயணத்தின் முக்கியத்துவம் விளங்கும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்திலுள்ளது. ஸ்கானுக்காக ஒவ்வொரு முறையும் இரவுப் பேருந்தில் போய்வருவது உடலையும் பையையும் வருத்தும். எத்தனை தடவை நேரில் வரவேண்டும், இடைப்பட்ட ஸ்கான்களை யாழ்ப்பாணத்தில் எடுத்து அனுப்பலாமா, ஊசி மருந்தைக் குளிரில் வைத்துக் கொண்டுசெல்வது எப்படி, சூல் எடுக்கும் நாளையொட்டி எத்தனை நாட்கள் தங்கவேண்டும் என்பவற்றை முதற் சந்திப்பிலேயே கேட்டறிய வேண்டும். நெடுந்தீவிலிருந்து படகேறி வரவேண்டிய பெண்ணுக்கும் நல்லூரில் வசிக்கும் பெண்ணுக்கும் ஒரே அட்டவணை பொருந்தாது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, இன்றும் புத்தளத்திலும் யாழ்ப்பாணத்திலுமாகப் பிரிந்து வாழும் முஸ்லிம் குடும்பங்கள், உறவினரின் வீட்டில் தங்கிச் சென்றுவரக்கூடிய நிலையத்தைத் தெரிவு செய்தல் செலவைக் குறைக்கும்.

கணவன் வெளிநாட்டில் தொழில் புரியும் குடும்பங்களுக்கு மற்றுமொரு பிரச்சினை உண்டு. சூல் எடுக்கும் நாளில் கணவன் அருகில் இல்லாவிடின் முன்கூட்டியே விந்து உறைநிலையில் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். அதனைப் பயன்படுத்துவதற்கான அவரது கையொப்பமிட்ட சம்மதமும் இருத்தல் வேண்டும். அத்தகைய வசதி உண்டா என்பதையும் விடுமுறை முடிவதற்குள் தீர்மானிக்க வேண்டும்.

வெற்றிவீதம் என்னும் எண்

விளம்பரங்களில் பெரிதாக அச்சிடப்படுவது வெற்றிவீதமே. அந்த எண் எதனை எதனால் வகுத்துப் பெறப்பட்டது என்பது அநேகமாகக் கூறப்படுவதில்லை. ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். 100 பெண்கள் ஊசிகளை ஆரம்பிக்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுள் 80 பேருக்கு மட்டுமே முளையம் வைக்கும் நிலை ஏற்படுகின்றது. 40 பேருக்கு இரத்தப் பரிசோதனையில் கருத்தரிப்புக் காணப்படுகின்றது. 32 பேருக்கு ஸ்கானில் இதயத்துடிப்புத் தெரிகின்றது. ஈற்றில் 26 பேரே குழந்தையுடன் வீடு திரும்புகின்றனர். இந்நிலையம் 80 பேரில் 40 பேர் கருத்தரித்தனர் என்று கணித்துத் தனது வெற்றிவீதம் 50 என விளம்பரம் செய்யலாம். ஊசியை ஆரம்பித்த பெண்ணின் பார்வையிலோ அது 26 மட்டுமே. இரண்டு எண்களும் பொய்யல்ல. தம்பதியருக்குத் தேவையானது இரண்டாவது எண்ணே.

ஆகையால், கடந்த ஆண்டில் என் மனைவியின் வயதுப் பிரிவில் எத்தனை பேர் சிகிச்சையை ஆரம்பித்தனர், அவர்களுள் எத்தனை பேர் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர், அவர்கள் சொந்தச் சூலைப் பயன்படுத்தியவர்களா என்று கேட்க வேண்டும். இறுதிக் கேள்வி இன்றியமையாதது. இளம் பெண்ணிடம் தானமாகப் பெற்ற சூலினால் நிகழும் பிரசவங்களைச் சேர்த்துக் கணித்தால் வெற்றிவீதம் உயர்ந்து காணப்படும்.

வயதின் தாக்கத்தை அறிய பிரித்தானியாவின் தரவுகள் உதவும். அங்கு 1991 முதல் இயங்கும் மனிதக் கருக்கட்டல் மற்றும் முளையவியல் அதிகாரசபை, ஒவ்வொரு நிலையத்தினதும் பெறுபேறுகளைப் பகிரங்கமாக வெளியிடுகின்றது. 2022ஆம் ஆண்டில் சொந்தச் சூலைப் பயன்படுத்தி வைக்கப்பட்ட ஒவ்வொரு முளையத்துக்கும் குழந்தை பிறக்கும் வீதம், 18 முதல் 34 வயது வரையானோரிடத்தில் சுமார் 35 ஆகவும் 43, 44 வயதினரிடத்தில் சுமார் 5 ஆகவும் இருந்தது. உலகில் நன்கு கண்காணிக்கப்படும் நாடொன்றின் நிலை இதுவாயின், 43 வயதுப் பெண்ணுக்குச் சொந்தச் சூலில் 60 வீதம் உறுதி என்று கூறும் நிலையத்தை எவ்வாறு நம்புவது?

ஆய்வுகூடமும் அடையாளமும்

நோயாளி சந்திப்பது வைத்தியரை. ஆனால் முளையத்தின் கதி தீர்மானிக்கப்படுவது ஆய்வுகூடத்திலாகும். அங்கு முளையவியல் நிபுணர் நிரந்தரமாகப் பணியாற்றுகின்றாரா அல்லது குறித்த சில நாட்களில் மட்டும் வெளியூரிலிருந்து வருகின்றாரா என்று கேட்க வேண்டும். அவ்வாறு சில நாட்களில் மட்டும் வருபவராயின், பல பெண்களின் சிகிச்சை அவரது வருகை நாட்களுக்கேற்ப ஒரே தொகுதியாக ஒழுங்கு செய்யப்படும். எடுக்கப்படும் சூல்களும் விந்தும் அவ்விடத்திலேயே கருக்கட்டப்படுகின்றனவா, வேறோரிடத்துக்குக் கொண்டுசெல்லப்படுகின்றனவா என்பதும் தெளிவாக வேண்டும்.

மின்சாரம் பற்றிய கேள்வியும் நம் நாட்டில் அவசியமானது. 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை எவரும் மறந்திருக்கமாட்டோம். முளையங்களை வளர்க்கும் கருவி சில நிமிடங்களேனும் வெப்பநிலை மாறாதிருக்க வேண்டும். மாற்று மின்பிறப்பாக்கி, எரிபொருள் இருப்பு, திரவ நைதரசன் ஒழுங்காகக் கிடைக்கும் வழி ஆகியவை குறித்துக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது அடையாளப்படுத்தலாகும். 2025 ஏப்ரலில் அவுஸ்திரேலியாவின் மொனாஷ் ஐ.வி.எப். நிறுவனம், பிரிஸ்பேனிலுள்ள தனது நிலையத்தில் ஒரு பெண்ணின் கருப்பையில் வேறொரு தம்பதியரின் முளையம் மனிதத் தவறினால் வைக்கப்பட்டு, குழந்தையும் பிறந்துவிட்டதாக அறிவித்தது. கண்காணிப்பு நிறைந்த நாட்டிலேயே இது நேரக்கூடுமாயின், ஒவ்வொரு கட்டத்திலும் பெயரையும் இலக்கத்தையும் இருவர் சரிபார்த்துக் கையொப்பமிடுகின்றனரா என்று கேட்பது நமது கடமையாகும். வம்சமும் பரம்பரையும் மதிக்கப்படும் சமூகங்களில் இக்கேள்விக்கு மழுப்பலான பதில் போதாது.

சட்டம் எங்கே நிற்கின்றது

இலங்கையில் தனியார் வைத்தியசாலைகள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுசெய்தல் சட்டத்தின் கீழ் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபையில் பதிவுசெய்யப்பட வேண்டும். வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இவ்விரண்டையும் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம். எனினும் கருத்தரிப்புத் தொழில்நுட்பத்துக்கென, வெற்றிவீதத்தை வெளியிடுமாறு நிலையங்களைக் கட்டாயப்படுத்துகின்ற, தானம் வழங்குபவரினதும் பிறக்கும் பிள்ளையினதும் உரிமைகளை வரையறுக்கின்ற தனிச்சட்டம் இங்கு இயற்றப்படவில்லை. தம்பதியர் எழுத்தில் கேட்டுப் பெறும் ஆவணம் அதனாலேயே கூடிய பெறுமதி உடையதாகின்றது.

இந்தியாவில் இதற்கென 2021ஆம் ஆண்டின் சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நிலையங்கள் பதிவுபெற வேண்டும். பெண்ணுக்கு 50 வயதுக்கும் ஆணுக்கு 55 வயதுக்கும் மேல் சிகிச்சை வழங்க முடியாது. சேமித்த முளையத்தை பத்து ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. வணிகரீதியான வாடகைத்தாய் முறை, அதே ஆண்டில் இயற்றப்பட்ட மற்றொரு சட்டத்தினால் தடைசெய்யப்பட்டுள்ளது. பிள்ளையின் பாலைத் தெரிவு செய்வதும் அங்கு குற்றமாகும்.

சட்டம் இருப்பது மட்டும் போதாது என்பதற்கும் தமிழகமே சான்று. 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் வயதைப் போலி அடையாள அட்டையில் கூட்டிக்காட்டி, அவளிடமிருந்து பல தடவைகள் சூல்கள் எடுக்கப்பட்டு விற்கப்பட்டமை அம்பலமாயிற்று. அவளின் தாயும் உடந்தையாக இருந்தவர்களும் கைதாகினர். தொடர்புடைய வைத்தியசாலைகள் மீது தமிழக அரசு நடவடிக்கை எடுத்தது. சூல் தானத்துக்கு உடன்படும் தம்பதியர், அந்தச் சூல் எங்கிருந்து வருகின்றது என்று கேளாமல் இருந்துவிட முடியாது.

தமிழகம் செல்வோர் கவனத்திற்கு

2019 ஒக்டோபரில் பலாலி விமான நிலையம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டதும், இடையில் தடைப்பட்ட சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீள ஆரம்பித்ததும், 2025 மார்ச்சில் திருச்சிச் சேவை தொடங்கியதும் பயணத்தை எளிதாக்கின. மொழி வசதியும் அங்கு உண்டு. ஆயினும் சிலவற்றை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தல் வேண்டும். உரிய மருத்துவ வீசா பெறவேண்டும். பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பார்க்க வேண்டும். எஞ்சிய முளையங்களை அங்கு சேமித்துவிட்டு வந்தால், அவற்றை இங்குள்ள நிலையமொன்றுக்கு எளிதில் கொண்டுவந்துவிட முடியாது. சொந்தப் பயன்பாட்டுக்காயினும் இந்தியத் தேசிய சபையின் அனுமதி தேவை. அடுத்த சுற்றுக்கும் அங்கேயே செல்ல வேண்டிவரும் என்று கணக்கிட்டுக்கொள்வதே பாதுகாப்பானது.

ஊர் திரும்பும்போது, ஏற்றப்பட்ட மருந்துகளின் பெயரும் அளவும், எடுக்கப்பட்ட சூல்களின் தொகை, வைக்கப்பட்ட முளையங்களின் தொகை, திகதிகள் ஆகியவை அடங்கிய சுருக்க அறிக்கையைக் கையோடு பெற்று வரவேண்டும். அதன் தேவை அடுத்து விளங்கும்.

ஆபத்துகள்

ஊசிகளின் விளைவாகச் சூலகங்கள் அளவுக்கு மீறித் தூண்டப்படுவதுண்டு. நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கு இந்த ஆபத்து அதிகம். வயிறு வேகமாக ஊதுதல், தொடர்ச்சியான வாந்தி, மூச்சுத்திணறல், சிறுநீர் குறைதல் என்பன எச்சரிக்கை அறிகுறிகளாகும். இவை தோன்றினால் சென்னைக்கோ கொழும்புக்கோ தொலைபேசி எடுத்துக் காத்திருத்தல் ஆகாது. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆகியவற்றில் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ உடனடியாகச் செல்லவேண்டும். பெற்ற சிகிச்சையை மறைத்தல் உயிராபத்தை விளைவிக்கும். மேற்சொன்ன அறிக்கை அங்குள்ள வைத்தியருக்கு வழிகாட்டும். இரவு நேரத்தில் தொடர்புகொள்ளக்கூடிய வைத்தியரின் இலக்கத்தைத் தராத நிலையத்தைத் தவிர்ப்பதே நன்று.

இரட்டைப் பிள்ளைகள் கிடைத்தால் செலவு மிச்சம் என்று எண்ணுவோர் பலர். உண்மையில் இரட்டை, மூவர் கருத்தரிப்புக் குறைமாதப் பிரசவத்துக்கும் தாயின் உயர் குருதி அமுக்கத்துக்கும் வழிகோலும். இதனாலேயே பிரித்தானியா ஒரு தடவைக்கு ஒரு முளையம் என்ற கொள்கையைப் பரவலாக்கி, 1990களில் 28 வீதமளவில் இருந்த பல்கரு பிரசவங்களை 2022இல் 4 வீதமளவுக்குக் குறைத்தது. இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றிக் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. ஆகவே மூன்று கருக்கள் தங்கியபின் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு இங்கு இடமில்லை. எத்தனை முளையங்கள் வைக்கப்படும் என்பதைத் தம்பதியர் முன்னரே தீர்மானித்து எழுத்தில் வழங்க வேண்டும்.

மார்க்கமும் மனச்சாட்சியும்

முஸ்லிம் தம்பதியருக்கு இச்சிகிச்சை ஆகுமானதா என்ற வினாவுக்கு, 1980 மார்ச்சில் எகிப்தின் அல் அஸ்ஹர் அறிஞர் ஷெய்க் ஜாதல் ஹக் வழங்கிய பத்வாவும், 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமியின் தீர்மானமும் வழிகாட்டுகின்றன. விந்து கணவனுடையதாகவும் சூலும் கருப்பையும் மனைவியுடையனவாகவும் இருத்தல் வேண்டும். திருமண பந்தம் நிலவும் காலத்தில் மட்டுமே அது நிகழ வேண்டும். பிறரின் விந்து, பிறரின் சூல், வாடகைத்தாய் என்பன விலக்கப்பட்டவை. எஞ்சிய முளையங்கள் பற்றி 1990இல் அதே அக்கடமி ஆராய்ந்து, தேவையான அளவு சூல்களை மட்டுமே கருக்கட்டச் செய்யுமாறு அறிவுறுத்தியது.

எனவே முஸ்லிம் தம்பதியர், எத்தனை சூல்கள் கருக்கட்டப்பட வேண்டும், தானப் பொருள் எதுவும் பயன்படுத்தப்படக் கூடாது, மரணமோ தலாக்கோ நேரின் முளையங்களை என்ன செய்வது ஆகியவற்றைச் சம்மதப் பத்திரத்தில் தெளிவாக எழுதுவித்தல் அவசியம். உறைநிலைச் சேமிப்புப் போன்ற நுணுக்கங்களில் தாம் நம்பும் ஆலிமிடம் முன்கூட்டியே விளக்கம் பெறலாம். பெண் வைத்தியர், திரையிட்ட தனியறை, கணவன் உடனிருக்கும் வசதி என்பவற்றைக் கேட்பதும் நியாயமான உரிமையே. சிகிச்சைக் காலம் ரமழானுடன் சேராதவாறு திட்டமிடுவது சிரமத்தைக் குறைக்கும்.

கத்தோலிக்கத் திருச்சபை 1987இல் வெளியிட்ட போதனை ஐ.வி.எப். முறையை ஏற்கவில்லை. அச்சமயத்தவர் அதனை அறிந்தே முடிவெடுக்க வேண்டும். இந்துக்களுக்கு இவ்விடயத்தில் அனைவரையும் கட்டுப்படுத்தும் ஒற்றைப் பீடம் இல்லை. ஆயினும் தானம் பெறுவதாயின் அதனைப் பின்னாளில் பிள்ளைக்குக் கூறுவதா என்பதைக் கணவனும் மனைவியும் சிகிச்சைக்கு முன்னரே பேசித் தெளிய வேண்டும். கணவனுக்குத் தெரியாமல் மாமியாரும் வைத்தியரும், அல்லது மனைவிக்குத் தெரியாமல் கணவனும் வைத்தியரும் செய்துகொள்ளும் ஏற்பாடு எந்தச் சமயத்துக்கும் பொருந்தாது.

செலவும் மேலதிகச் சேர்க்கைகளும்

முதலில் கூறப்படும் தொகையில் ஊசி மருந்துகள் அடங்குமா, மயக்க மருந்து, இக்ஸி, உறைநிலைச் சேமிப்பின் ஆண்டுக் கட்டணம், பின்னர் முளையத்தை மீள வைக்கும் செலவு என்பன அடங்குமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சூல் எடுக்கமுன் சுற்று நிறுத்தப்படின் எவ்வளவு திருப்பித் தரப்படும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கருப்பைச் சுவரைக் கீறுதல், முளையத்தின் நிறமூர்த்தங்களை எல்லோருக்கும் பரிசோதித்தல், நோயெதிர்ப்பு ஊசிகள் முதலிய மேலதிகச் சேர்க்கைகள் பல இடங்களில் முன்மொழியப்படுகின்றன. இவற்றுட் பல, பெரும்பாலான தம்பதியருக்குக் குழந்தை பிறக்கும் வாய்ப்பைக் கூட்டுவதாக நிறுவப்படவில்லை. விந்தணு சீராக உள்ளவிடத்து இக்ஸியும் கூடிய பலன் தருவதில்லை. இது எனக்கு ஏன் தேவை, செய்யாவிடின் என்ன நேரும் என்ற இரு கேள்விகளைக் கேட்டு, பதில் திருப்தி தராவிடின் மறுத்துவிடலாம்.

தமிழில் ஒரு சம்மதப் பத்திரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மகப்பேற்று நூலொன்று உட்படப் பல மருத்துவ நூல்கள் அக்காலத்திலேயே தமிழாக்கம் பெற்றன. அந்த மண்ணில் வாழும் பெண்ணொருத்தி இன்று, தனக்கு விளங்காத ஆங்கிலப் பத்திரத்தின் பல பக்கங்களில் கையொப்பமிட்டுவிட்டு மயக்க அறைக்குள் செல்ல வேண்டியிருப்பது ஏற்கத்தக்கதன்று. பத்திரத்தைத் தமிழில் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுசென்று வாசிக்க ஒரு வாரம் கேளுங்கள். அவசரமாக முற்பணம் செலுத்தினால் கழிவு உண்டு என்று கூறும் இடத்தில் நிதானியுங்கள்.

எத்தனை சுற்றுகளின் பின் நிறுத்துவது என்பதையும் முதற் சுற்றுக்கு முன்னரே கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளுதல் நன்று. தோல்வியின் துயரத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் மற்றொரு கடனாகவே அமைகின்றது. மூன்று தடவைகள் முயன்றும் பயனில்லை என்ற நிலையில், இனி வாய்ப்பு மிகக் குறைவு என்று உண்மை உரைக்கும் வைத்தியர் தம்பதியரின் நண்பர். பெற்றோரை இழந்த பிள்ளையொன்றைச் சட்டப்படி தத்தெடுப்பதும், இஸ்லாமிய நெறிக்கமைய அதன் வம்சத்தை மறைக்காது பராமரித்து வளர்ப்பதும் தோல்வியல்ல. பிள்ளையின்றி இருவராகவே வாழ்வதும் குறைபட்ட வாழ்க்கையன்று.

சட்டமியற்றுவோர் தம் கடமையைச் செய்து, நிலையங்கள் தமது பெறுபேறுகளை வெளியிடும் நாள் வரவேண்டும். அதுவரையில், கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு இருவரும் சேர்ந்து சென்று, பதில்களையும் எழுத்தில் பெற்றுத் திரும்பும் தம்பதியரே தம்மைத் தாம் காத்துக்கொள்பவர்கள் ஆவர். அக்கேள்விகளைக் கண்டு முகம் சுளிக்கும் நிலையத்தின் வாசலிலிருந்து திரும்பி வருவதில் வெட்கப்பட எதுவுமில்லை.